இறுக்குகல்

கோட்டை வாசலின் கல்லுக் கடப்பை அடைத்தேனா இல்லையா என்பதுதான் ஞாபகத்துக்கு வரவில்லை. மறதி என் கணவருக்குத்தான், எனக்கில்லை, எங்கள் வீட்டில் அந்த வேலையை அவரே முழுதாகப் பொறுப்பெடுத்து இரண்டு மூன்று வருசமாகிறது. இருந்தாலும் பூவரச நிழலில் உட்கார்ந்து சுடுதண்ணிப் போத்தலின் மூடியில் தேநீரை ஊற்றிக் கையில் வைத்திருக்கிற நான், கோட்டைக்குள்ளிருந்து இந்த மரத்தடிக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று யோசித்தால் நடுவில் ஒரு துண்டைக் காணவில்லை. உள்ளே நின்றேன், தெரியும். தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் என்று அவரிடம் சொன்னேன், அதுவும் தெரியும். இப்போது இங்கே இருக்கிறேன், தேநீரில் பாதியை நானே குடித்தும் விட்டேன். நடுவில் கல் இருக்கிறது. கல்லைத் தொட்டேனா? உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கிறேன், வெள்ளையாகத் தூள் ஒட்டியிருக்கிறது, ஆனால் அது உள்ளே போகும்போது இறக்கிவைத்த கல்லின் தூளாகவும் இருக்கலாம். இங்கிருந்து வாசல் தெரியாது, சரிந்து கிடக்கும் மூலைச்சுவர் மறைக்கிறது. எழும்பி நாலடி நடந்தால் தெரிந்துவிடும். நடக்கலாம். தேநீர் கொஞ்சம் ஆறட்டும். இல்லை, ஆறினால் அவர் குடிக்கமாட்டார், சூடாகத்தான் கொண்டுபோக வேண்டும். கொஞ்சம் பொறுத்துப் போகலாம்.

டாக்டர்தான் சொன்னார், பழைய இடங்களைக் காட்டிப் பாருங்கள் என்று. பழைய இடம் என்றால் அவருக்கு எது? நல்லூர்ப் பக்கத்துப் பிறந்த வீட்டைக் காட்டினேன், யார் வீடு என்று கேட்டார். வேலை பார்த்த கந்தோரைக் காட்டினேன், உள்ளே போய் வரிசையில் நின்றார். பிறகு ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, கோட்டைக்குப் போக வேணும், அங்கே என்ர மனுசி நிக்கிறா என்றார். நான் பிறந்த தீவுக் கோட்டை. கலியாணமான புதிதில் ஒரு பின்னேரம் கூட்டிக்கொண்டு வந்தேன், அவ்வளவுதான், அப்போது அவர் கல்லில் தடக்கி விழுந்து கால் நகத்தைப் பெயர்த்துக்கொண்டார் என்பதைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை. அந்த ஒரு பின்னேரத்தைத்தான் அந்த மண்டை எங்கோ மூலையில் விடாப்பிடியாக வைத்திருக்கிறது. என்னை வைத்திருக்கவில்லை. நாள்தோறும் கேட்பார், என்ர மனுசி எங்கே என்று, நான்தான் என்று சொன்னால் மரியாதையாகச் சிரிப்பார், வேலைக்கு வந்த பெண் பகிடி விடுகிறாள் என்கிற மாதிரி. அவ நல்ல கெட்டிக்காரி தங்கச்சி, அவ வைக்கிற சொதியைச் சாப்பிட்டால் நீங்கள் இப்படிச் சொதி வைக்கமாட்டீங்கள் என்பார். அந்தக் கெட்டிக்காரி மேல் எனக்கு எவ்வளவு எரிச்சல் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவளுக்கு நாற்பது வருசம் நல்ல பெயர், எனக்கு அவருடைய அழுக்குச் சாரத்தைத் துவைக்கிற வேலை. இன்றைக்குக் காலையில் படகில் ஏறும்போதும் ஏறமாட்டேன் என்று நின்றார், அவ ஏறிட்டாவோ என்று எல்லாரிடமும் கேட்டார், படகுக்காரர் என்னைப் பார்க்க, ஏறிட்டா, முன்னுக்கு இருக்கிறா என்று நானே சொன்னேன். வழி முழுக்க முன்னுக்கு இருந்தவர்களின் பிடரிகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இறங்குதுறையில் மரியதாஸின் ஓட்டோவில் ஏறினோம். என்னளவு வயதில்லை, ஆனாலும் தலை நரைத்த மனிதர், ஐயா, அக்கா என்று மரியாதையாகப் பேசிக்கொண்டு வந்தார். ஓட்டோவைப் பற்றைக் காட்டுக்கு வெளியே ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, பின்னேரப் படகு கடைசிப் படகு, அதுக்கு முதல் வந்து ஏத்துறன் என்றார். பிறகு குரலைத் தணித்து எனக்கு மட்டும் சொன்னார். “அக்கா, உள்ளுக்குக் கிணறு இருக்கு, சுத்திக் கட்டு இல்லை. ஐயாவைத் தனிய விட்டிடாதேங்கோ. வெளிக்கிடேக்க கடப்பை அடைச்சுப்போட்டு வாங்கோ, காட்டுக் குதிரையள் போய் விழுந்திடும்.” கவனமாக இருங்கள் என்பதும் அடைத்துவிட்டு வாருங்கள் என்பதும் ஒரே மூச்சில் வந்தன. நான் இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டினேன்.

எங்கள் தீவில் மரம் குறைவு, கல்லுக்குக் குறைவில்லை. வேலி என்றால் கடல் முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுதான், சாந்து கிடையாது, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்றுப் போகும். படலைக் கதவு வைக்கிற வழக்கமும் இல்லை. ஓர் ஆள் நுழைகிற அகலத்துக்கு இடம் விட்டு அதையும் கல்லால் அடைப்போம், அதுதான் கடப்பு. போகிறவர் கல்லை இறக்கிவைத்துப் போய்த் திரும்ப அடுக்க வேண்டும், கடைசியில் ஆப்பு மாதிரி ஒரு நீளக் கல்லைச் செருகி இறுக்க வேண்டும். அந்த இறுக்குகல்லை அடைக்கிறவர் தன்னுடைய பக்கத்திலிருந்துதான் செருகுவார், மற்றப் பக்கத்திலிருந்து அதை அசைக்க முடியாது, இழுத்துப் பார்த்தால் மேலே இருக்கிற பாரம் இழுத்தவரின் காலில்தான் விழும். ஆகவே தீவில் யாரும் வாசலில் நின்று கூப்பிடுவதில்லை. இறுக்குகல் வெளியே இருந்தால் வீட்டில் ஆள் இல்லை, உள்ளே இருந்தால் ஆள் இருக்கிறது. தபால்காரர்கூடக் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். கலியாணத்துக்குப் பிறகு முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்த இந்த மனிதர் கடப்பைத் திறந்தபடி விட்டுவிட்டு உலாவப் போய், என்னைப் பெற்ற ஐயா காயப்போட்டிருந்த பயறு முழுவதையும் குதிரைகள் தின்றுவிட்டன. ஐயா ஒன்றும் சொல்லவில்லை, மாப்பிள்ளைக்குப் படலைதான் பழக்கம் என்று மட்டும் சொன்னார். அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய், காட்டித்தா என்று நின்றார். எந்தக் கல் அடியில், எந்த முகம் எந்தப் பக்கம், கடைசியில் எப்படிச் செருகுவது எல்லாம் காட்டிக் கொடுத்தேன். படித்து முடித்ததும் மூன்று வீடு தள்ளியும் போய் யார் யாருடைய கடப்பையோ சரிபார்த்துக்கொண்டு வந்தார். என் அடுக்கு தனி என்பார், நடுக்கல்லை நீ சரித்து வைக்கிறாய், தீவில் வேறொருத்தரும் அப்படி வைப்பதில்லை என்பார். அதையெல்லாம் இப்போது ஏன் நினைக்கிறேன். அடைத்தேனா என்பதுதானே கேள்வி. அடைத்திருந்தால் கைப்பழக்கத்தில் அடைத்திருப்பேன். பிறந்த ஊர்க் கை, திறந்த கடப்பைக் கண்டால் சும்மா போகாது. மரியதாஸும் அடைக்கத்தானே சொன்னார். ஆனால் வெளிக்கிடும்போது என்றார், வெளிக்கிடுவது என்றால் இரண்டு பேரும் வெளிக்கிடுவது.

உள்ளே அவர் நல்லபடியாகத்தான் இருந்தார், அதைச் சொல்ல வேண்டும். ஒல்லாந்தர் காலத்துச் சுவர்கள், கூரை இல்லை, மேல்மாடிக்குப் போகிற படிகள் பாதியில் ஆகாயத்தைப் பார்த்து நின்றுவிடுகின்றன. அவர் சுவரைத் தடவிக்கொண்டே ஒவ்வொரு அறையாகப் போய் எட்டிப் பார்த்தார், பார்த்துவிட்டு, இஞ்ச இல்லை என்று எனக்குச் சொன்னார். நடு முற்றத்தில் அந்தக் கிணறு. பெரிய வட்டம், விளிம்பில் ஒரு கல்கூட இல்லை, புல் அப்படியே வளைந்து உள்ளே இறங்குகிறது. அவர் அந்தப் பக்கம் போனதும் நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவர் மெதுவாக விடுவித்துக்கொண்டார். “தங்கச்சி, கையைப் பிடியாதேங்கோ. அவ கண்டா என்ன நினைப்பா.” கோபமில்லை, அதட்டலில்லை, ஒரு வெளியாளிடம் எவ்வளவு பக்குவமாகச் சொல்ல வேண்டுமோ அவ்வளவு பக்குவம். போன மாதம் என்னைக் கள்ளி என்று நினைத்துக் கன்னத்தில் அடித்தபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. பை வெளியே மரத்தடியில் இருந்தது, தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். திரும்பி நடந்தேன். அதற்குப் பிறகுதான் அந்தத் துண்டைக் காணவில்லை.

எவ்வளவு அமைதி. வீட்டில் இந்த அமைதி கிடையாது, அவர் தூங்கும்போதும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நான் கிடப்பேன், குழாய் திறந்திருக்கிறதா, அடுப்பு எரிகிறதா, தெருக்கதவு கிறீச்சிடுகிறதா என்று. இங்கே காற்று மட்டும். காற்றுக்குள் கடல். என் காலை நீட்டி வைத்திருக்கிறேன், எத்தனை காலமாயிற்று இப்படிக் காலை நீட்டி. மகள் சிட்னியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அம்மா பொறுமையா இருங்கோ என்கிறாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொறுமையாக இருப்பது சுலபம். பக்கத்து வீட்டுக் கண்மணி அக்கா வேறு மாதிரி. தெய்வம் கெதியாய்க் கூப்பிட்டால் அவருக்கும் நல்லது, உனக்கும் நல்லது என்றார், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார், நான் கோபிப்பேன் என்று நினைத்தார். நான் கோபிக்கவில்லை. அன்றைக்குக் கோயிலில் கண்ணை மூடி, விடுதலை கொடு என்று கேட்டேன், யாருக்கு என்று சொல்லவில்லை. அம்மனுக்குத் தெரியாதா. அதை நினைத்துக்கொண்டு இந்த மரத்தடியில் இருக்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தண்ணீரில் எதுவோ விழுகிற சத்தம். ஆழத்தில், உள்ளே, ஒருதடவை. எவ்வளவு பெரிய பொருள் என்று சொல்லத் தெரியவில்லை, ஆழக் கிணற்றில் எல்லாச் சத்தமும் ஒரே மாதிரித்தான் கேட்கும். நான் எழும்பவில்லை. எழும்பியிருக்க வேண்டும், ஓடியிருக்க வேண்டும், எந்தப் பெண்ணும் ஓடியிருப்பாள். நான் தேநீர் மூடியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, பின்னேரப் படகைப் பற்றி யோசித்தேன். படகில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். இறங்குதுறையில் ஆட்கள் கூடிநிற்கிறார்கள். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள காணேல்லை என்று நான் அழுகிறேன், பாவம் இந்த யோகம், புருசனை எவ்வளவு வடிவாகப் பார்த்தது என்று என்னைச் சொல்கிறார்கள். மகள் வருகிறாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு யார் யாருக்குச் சொல்வது, எந்தப் படத்தைப் பெருப்பித்துச் சட்டம் போடுவது என்பது வரைக்கும் போய்விட்டேன், நீலச் சட்டை போட்ட படம், அதில்தான் முகம் தெளிவு. அப்புறம்தான் எனக்குக் குளிர்ந்தது. கிணற்றில் விழுந்தவரை விட்டுவிட்டுப் படத்துக்குச் சட்டம் போடுகிற இந்தப் பெண் யார்? அவரைக் கேட்டால், தெரியாது தங்கச்சி என்பார். எனக்கும் தெரியவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை யோசிக்காமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். அடைத்திருந்தால், வெளியிலிருந்து அடைத்திருப்பேன். இறுக்குகல் வெளியே இருக்கும். மரியதாஸ் வருவார், என்னைக் காணாவிட்டால் வாசலுக்குப் போய்ப் பார்ப்பார், கல்லைப் பார்ப்பார், உள்ளே ஆள் இல்லை என்று திரும்பிவிடுவார். தீவில் யாரும் கல்லை நம்பாமல் இருந்ததில்லை. நாளைக்கும் யாரும் கூப்பிட்டுப் பார்க்கமாட்டார்கள். சட்டைப் பொத்தானையே நான் போட்டுவிட வேண்டிய மனிதருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கல்லை அசைக்கத் தெரியாது. குதிரைகள் நாலைந்து பற்றைக்குள்ளிருந்து வந்து வாசல் பக்கமாக நிற்கின்றன, எலும்பு தெரிகிற விலாக்கள், கோட்டைக்குள்ளே பச்சைப் புல் இருப்பது அவற்றுக்குத் தெரியும். நிற்கின்றன, உள்ளே போகவில்லை. ஏன் போகவில்லை? திறந்திருந்தால் இந்நேரம் போயிருக்குமே. தேநீரை மண்ணில் ஊற்றிவிட்டு எழும்பினேன். கால் மரத்துப்போயிருந்தது. மூலைச்சுவர் வரைக்கும் நடக்கும்போது, திறந்திருக்கட்டும், திறந்திருக்கட்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன், கோயிலில் கேட்டதைவிட நூறு மடங்கு உருகிக் கேட்டேன்.

அடைத்திருந்தது. கழுத்தளவுக்கு அடைத்திருந்தது. காலையில் நாங்கள் வந்தபோது இருந்த ஏனோதானோ அடுக்கு இல்லை இது. பெரிய கல் அடியில், தட்டை முகம் வெளியே, நடுக்கல் சரித்து, சந்துகளுக்கெல்லாம் சின்னக் கல் பொறுக்கிச் செருகி, கடைசியில் இறுக்குகல், வெளியே, என் பக்கம், தட்டி ஏற்றி அசையாதபடி. தட்டுவதற்கு எடுத்த கல்கூட ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. இதைக் கைப்பழக்கம் என்று யாருக்குச் சொல்ல முடியும்? இவ்வளவு நேர்த்தியாக நான் என் ஐயா வீட்டுக் கடப்பைக்கூட அடைத்ததில்லை. இதைச் செய்து முடிக்க எனக்கு நல்ல நேரம் எடுத்திருக்கும், அவ்வளவு நேரமும் நான் எங்கே போயிருந்தேன். கல் சந்துக்குள் கண்ணை வைத்தேன். புல் தெரிந்தது, கிணற்று வட்டத்தின் ஒரு வளைவு தெரிந்தது, அவர் தெரியவில்லை. இஞ்சாருங்கோ என்றேன். இன்னொருதடவை கூப்பிட்டேன். “இஞ்சாருங்கோ.”

“ஆளில்லை,” என்றது அவருடைய குரல். மிக அருகில், கல்லுக்கு அந்தப் பக்கத்திலேயே. சந்துக்குக் கீழே, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்திருக்கிறார். “இறுக்குகல்லு வெளியிலயெல்லே இருக்கு. பாக்கேல்லையே?”

நானும் கல்லோடு சாய்ந்துவிட்டேன். உயிரோடு இருக்கிறார். அந்த ஒரு நொடி எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை, அது உண்மை, அதையும் சொல்ல வேண்டும். கிணற்றில் சத்தம் கேட்டதே என்றேன். கல்லொன்று போட்டுப் பார்த்தேன், தண்ணி கிடக்கு, நல்ல ஆழம் என்றார். நீங்கள் ஏன் அங்கே இருக்கிறீர்கள், வெளியே வரவில்லையா என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேட்டேன். அவர் குரலைத் தணித்து, ஒரு நல்ல செய்தியைச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

“என்ர மனுசி வந்திட்டா தங்கச்சி. இப்பதான் கண்டனான். அவதான் இதை அடைச்சவ. முகம் தெரியேல்லை, ஆனா இஞ்ச பாருங்கோ, நடுக்கல்லைச் சரிச்சு வச்சிருக்கிறா. அது அவட கை. வேற ஆருக்கும் வராது.”

நான் இறுக்குகல்லில் கை வைத்தேன்.

“நீங்கள் திறக்கவேண்டாம். அவ அடைச்சா அவதான் திறப்பா. விட்டிட்டுப் போகமாட்டா.”

இத்தனை வருசத்தில் என்னை அவர் அடையாளம் கண்ட ஒரே தடவை அதுதான். சோறு ஊட்டியபோது இல்லை, குளிக்க வார்த்தபோது இல்லை, அடி வாங்கிக்கொண்டு நின்றபோது இல்லை. அவரை உயிரோடு மூடிவிட்டுப் போனபோது, அந்தக் கல்லை வைத்து, இது அவள்தான் என்று கண்டுபிடித்து, அதில் சந்தோஷப்பட்டு, அடைத்த கையையே காவல் என்று நினைத்து அதன் அடியில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. அழுகை வந்திருந்தால் நன்றாயிருக்கும். இறுக்குகல்லை இரண்டு பக்கமும் தட்டி இழுத்தேன், வரவில்லை, அவ்வளவு இறுக்கம். ஓரமாக வைத்திருந்த அதே கல்லை எடுத்து அடித்தேன், விரல் நசிந்தது, பிறகு வந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்து இடிசுவரின்மேல் வைத்தேன். அவர் எழும்பி நின்று, வேண்டாம் தங்கச்சி, அவ கோவிப்பா, வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். கடப்பு இடுப்பளவுக்கு இறங்கியதும் கை நீட்டினேன், வாருங்கள், படகுக்கு நேரமாகிறது என்றேன். அவர் பின்னால் நகர்ந்தார். கிணற்றுப் பக்கமாகத்தான் நகர்ந்தார். அவ வராமல் நான் வரமாட்டன் என்றார். இன்னும் ஓரடி பின்னால் போனார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லைத் தாண்டி உள்ளே குதித்தேன்.

குதிரைகள் என் பின்னாலேயே நெருங்கிவிட்டன. அவை உள்ளே வந்தால் அவர் வெருண்டு இன்னும் பின்னால் போவார். திரும்பி நின்று, இடிசுவரின்மேல் வைத்த கற்களை எட்டி எடுத்து வேகவேகமாக அடுக்கினேன், பெரியது கீழே, நடுக்கல் சரித்து. இறுக்குகல்லை இந்த முறை உள்ளே, என் பக்கத்திலிருந்து செருகித் தட்டினேன். தட்டி முடித்துத் திரும்பினால் அவர் நின்றுவிட்டிருந்தார். கல்லைப் பார்த்தார். கிட்ட வந்து, சரித்து வைத்த நடுக்கல்லைத் தடவினார். முகம் விரிந்தது. “வந்திட்டா,” என்றார். என்னைத் தாண்டி, எனக்கு இரண்டு பக்கமும், எனக்குப் பின்னாலும் ஆவலாகத் தேடினார். “இஞ்சதான் எங்கேயோ நிக்கிறா.”

ரோட்டில் ஓட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பற்றைகளுக்கு நடுவே காலடிகள் வந்தன, வாசலுக்கு வெளியே நின்றன. மரியதாஸ் கல்லைப் பார்க்கிறார். இறுக்குகல் வெளியே இல்லை, உள்ளே ஆள் இருக்கிறது. அவர் கூப்பிடவில்லை, தீப்பெட்டி உரசுகிற சத்தம் கேட்டது, சுருட்டு மணம் சந்துகளுக்குள்ளால் வந்தது. காத்திருப்பார். அவ வாறவரைக்கும் இருப்பமே என்று என் கணவர் கேட்டார். இருப்பம் என்றேன். சுவரோரமாக உட்கார்ந்து தனக்குப் பக்கத்தில் எனக்கும் இடம் காட்டினார், கொஞ்சம் தள்ளி, ஒரு வெளியாளுக்குக் காட்டுகிற மாதிரி. உட்கார்ந்தேன். அவருக்கும் கிணற்றுக்கும் நடுவில்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்தக் கை இன்றைக்கு ஒன்றைப் பழகிவிட்டது. என்னைக் கேட்காமல் பழகிவிட்டது. நாளைக்கும் என்னோடுதான் வீட்டுக்கு வரும், சோறு குழைக்கும், மருந்து எண்ணும், அவரைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போகும். நசிந்த விரலில் இரத்தம் வந்துகொண்டிருந்தது. அந்தக் கையை மடியில் வைத்து, மற்றக் கையால் மணிக்கட்டோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.